அண்ணனுக்கு ஒரு கல்லறை

எங்கள் அண்ணன் வெள்ளைக்காரனின் சண்டைக்குப் போய் எகிப்தில் செத்துப்போனான். சண்டை முடியும் முன்னரே தந்தி வந்துவிட்டது. செத்தது எழுதியிருந்தது, புதைத்த இடம் எழுதியிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முல்லைத்தீவுக் கரையில் ஆள் போனால் போனதுதான். கடலிடம் யார் விலாசம் கேட்பது?

நவம்பரில் ஆத்துமாக்களின் திருநாளன்று ஊர் முழுக்கச் சேமக்காலைக்குப் போகும். அவரவர் தங்கள் ஆட்களைப் புதைத்த குழியைத் துப்புரவாக்கி, வாடைக்காற்றுக்கு மறைவாகச் சிரட்டையை வைத்து, மெழுகுதிரி கொளுத்துவார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்குக் குழி ஏது? அவர்களுடைய ஆட்கள் நடுவில் நிற்கும் பெரிய குருசின் அடியில் கொளுத்துவார்கள். அம்மாவும் எங்களைப் பெற்ற ஐயாவின் குழியில் ஒன்றைக் கொளுத்திவிட்டு, அண்ணனுக்காக அந்தக் குருசடிக்குப் போவார். பக்கத்து வளவு மாமியின் புருசன் கடலோடு போனவர். இருவரும் ஒட்டி நிற்பார்கள். ஒருவரின் திரி அணைந்தால் மற்றவரின் திரியில் பற்றவைத்துக்கொள்வார்கள்.

அம்மாவுக்கு அது போதவில்லை. "கடல்ல போனவையைத் தேட ஏலாது. என்ர பிள்ளை தரையிலதானே செத்தவன்? எங்கையாவது தாட்டிருப்பினம்தானே?" என்று ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள் கேட்டார்.

எனக்கு அப்போது வவுனியாவில் கிளாக்கர் வேலை. கொஞ்சம் இங்கிலீசு, நிறையத் திமிர். போரில் செத்தவர்களின் கல்லறைகளைக் கவனிக்க லண்டனில் ஓர் அலுவலகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு எழுதிப்போட்டேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். மாதக்கணக்கில் இழுத்தடித்து, ஒரு படத்தோடு வந்தது.

மணல்வெளியில் வரிசையாக வெள்ளைக் கற்கள். முன்னால் நின்ற கல்லில் ஒரு குருசும் அண்ணனின் பெயரும். அந்தக் கிழமையே பஸ் ஏறிக் கொண்டுபோனேன். அம்மா படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, "நேராத்தான் வரிசை கட்டியிருக்கிறாங்கள்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். ஊரே வந்து பார்த்தது. நான் ஏதோ அண்ணனையே கூட்டிவந்துவிட்டவன் மாதிரி கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தேன்.

மாமி வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "உனக்கென்ன மச்சாள், உன்ர பிள்ளைக்கு ஒரு கல்லெண்டாலும் கிடைச்சுது" என்றார். அதில் பொறாமை இல்லை. ஆனாலும் அம்மாவின் முகம் வாடிப்போனதைக் கண்டேன்.

அந்த நவம்பரில் லீவெடுத்து ஊருக்கு வந்தேன். சேமக்காலையில் அம்மா ஐயாவின் குழியோடு நின்றுவிட்டார். மற்ற மெழுகுதிரி கையில் இருந்தது.

"வாங்கோ அம்மா, குருசடிக்குப் போவம்."

"அது இடமில்லாதவையின்ர இடம். இடமிருக்கிறவனுக்கு நான் அதில போய்க் கொளுத்தினா, அவளுக்கு எப்பிடி இருக்கும்?"

"அப்ப ஐயாவின்ர குழியில ரெண்டாக் கொளுத்துங்கோ."

"கொண்ணனுக்குச் சொந்தக் குழி கிடக்கேக்க இதில ஏன்?"

சுவாமியாரும் சொல்லிப் பார்த்தார். ஆண்டவருக்கு எகிப்தும் முல்லைத்தீவும் ஒன்றுதான் என்றார். அம்மா மரியாதையாகத் தலையாட்டினார்; காலை மட்டும் எடுத்துவைக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில் அந்தத் திரியை மாமியிடம் கொடுத்து, "உன்ர மனிசனுக்குச் சேர்த்துக் கொளுத்து" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்: "அந்தப் பக்கம் வேதக்காரச் சனம் இருக்குதோ? இண்டைக்கு அவனுக்கு ஆரும் கொளுத்துவினமோ?"

"ஓம் அம்மா, கொளுத்துவினம்" என்றேன். எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

அடுத்த ஆண்டும் அப்படித்தான், அதற்கடுத்த ஆண்டும் அப்படித்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். இனி யார் தடுப்பது என்று ஒருமுறை திரியோடு குருசடிக்குப் போனேன். மாமி என்னைக் கண்டு, பக்கத்தில் நிற்க இடம் விட்டு விலகினார். எனக்குக் கை வரவில்லை; திரும்பி வந்துவிட்டேன். அண்ணன் எங்கே கிடக்கிறான் என்று தெரியாத காலம் முழுக்க அவனுக்கு ஒரு மெழுகுதிரி எரிந்தது. நான் தேடிக் கண்டுபிடித்த பிறகு ஒருவரும் கொளுத்தவில்லை.