கண்டக்டரம்மாவின் மாடிக் குடித்தனம்

கண்டக்டரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அவர் குரல் ஓய்வு பெறவில்லை. வாசலில் நின்று கூப்பிட்டால் தெருக்கோடிக் காவலாளி திடுக்கிட்டு எழுந்து நிற்பார். அவரும் வீட்டுக்காரரும் இந்த மனையை வாங்கியபோது இங்கே முழங்கால் தண்ணீரும் முள்ளும்தான். "தவளைக்குத் துணையா குடிபோறீங்களா?" என்று சிரித்த சொந்தக்காரர்களால், இன்று தங்கள் வீட்டையே விற்றாலும் இந்தத் தெருவில் ஒரு குளியலறை அளவு இடம் வாங்க முடியாது.

வீட்டுக்காரர் காலமான பிறகு மாடியை வாடகைக்கு விட்டார். லிஃப்ட் பழுது பார்ப்பவர், நர்ஸ் வேலை பார்க்கும் அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். அக்கம்பக்கத்து வாடகையில் பாதிகூட வாங்கவில்லை. பிள்ளைகள் தடதடவென்று படியிறங்கும்போது, கூட்டம் நிறைந்த பஸ்ஸில் நிற்பது போல அவருக்கு மனசு நிறைந்துபோகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். வங்கி மேலாளராக இருந்தவர். கூடவே கண்டக்டரம்மாவின் மகன். அவன் கையில் 'வீடு விற்பனைக்கு' என்று ஒரு பலகை.

"என்னடா, பலகையைத் தூக்கிட்டு ஊர்வலமா?"

"அம்மா, இப்ப விலை உச்சத்துல இருக்கு. வித்துட்டு என்கூட வந்துடு. மாடியில இருக்கறவங்களைக் காலி பண்ணச் சொல்லிடலாம்."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. தெருவுல பந்து உருளுது, மாடியில துணி காயுது. வீடு பார்க்க வர்றவங்க முகம் சுளிக்கிறாங்க. தெருவோட மதிப்பே இறங்குது."

கண்டக்டரம்மா வாசலுக்கு வந்து, பஸ் கம்பியைப் பிடிப்பது போல கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தெருவுல ஆளு எங்க இருக்கு சார்? எதிர் வீடு யாரோ ஒரு டாக்டரோட மருமகன் வாங்கிப் போட்டது. இன்னிவரைக்கும் அங்க அடுப்பு எரியல. பக்கத்துல வக்கீலய்யா. பெத்தது மூணும் மூணு தேசத்துல, அவருக்குச் சோறு ஊட்டுறது சம்பளத்துக்கு வர்ற ஆளு. அடுத்தது பூட்டு. அதுக்கடுத்தது பூட்டுக்குக் காவல். உங்க வீட்டுலதான் எத்தனை பேரு?"

செயலாளர் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களும் அக்காவும், மிச்சமெல்லாம் ஏசி. பஸ்ஸு காலியா ஓடுது, டிக்கெட் விலை மட்டும் ஏறுது. ஏற வந்த குடும்பத்தையும் படியிலயே தள்ளச் சொல்றீங்க. பிள்ளைக்காரிய நடுவழியில இறக்கிவிட்டு எனக்குப் பழக்கமில்ல."

"சங்கத்துல பேச வேண்டியிருக்கும்மா."

"தாராளமா பேசுங்க. வீடு என் பேர்ல இருக்கு."

"நீ ஒத்த ஆளா என்னம்மா பண்ணப் போற?" மகன் அலுத்துக்கொண்டான்.

"ஒத்த ஆளுன்னு எவன்டா சொன்னான்?" அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். "ஏய் வானரங்களா, கீழ வாங்க! சாக்பீஸையும் கொண்டாங்க!"

படி அதிர்ந்தது. மகன் கையிலிருந்த பலகையைப் பிடுங்கித் திருப்பினார். அவர் சொல்லச் சொல்ல, நர்ஸின் மூத்த மகள் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'கீழ் முன்னறை வாடகைக்கு. குழந்தைகள் உள்ளவர்கள் மட்டும் வரவும்.'

செயலாளர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினார். கண்டக்டரம்மா பலகையைக் கேட்டில் இறுக்கிக் கட்டினார்.

"முன்னறையையும் விட்டுட்டா, நான் வந்தா எங்கேம்மா தங்கறது?"

"என் பேரப்பிள்ளைங்களோட வா, உனக்கே தர்றேன். தனியா வந்தா இடமில்ல, போர்டைப் படி."