சேத்துக்காலு பாடகியைத் தேடிப் பழவேற்காட்டுக்கு

போன சனிக்கிழமை பழவேற்காடு போனேன். பறவை பார்க்க இல்லை, நண்டு தின்னவும் இல்லை (தின்றேன், அது வேறு கதை). செல்வி அக்காவைப் பார்க்க.

"சேத்துக்காலு" என்று ஒரு இசைக்குழு இருந்தது. பொன்னேரியில் ஒன்றாகப் படித்த மூன்று பேர், இரண்டு வருடம், ஐந்தே பாட்டு. டிரம்ஸ்காரர் காட்டுப்பள்ளியில் துறைமுக வேலைக்குப் போக, கிதார்காரர் பெங்களூருக்குக் கிளம்ப, கதை முடிந்தது. ஆனால் ஒரு பாட்டின் நடுவில் பாடகி செல்வி அக்கா வார்த்தையே இல்லாமல் முனகுவாரே, அதைக் காப்பியடிக்காத குழு இன்று சென்னையில் கிடையாது. நாங்களும்தான். வரும் ஞாயிறு பொன்னேரியில் எங்கள் கச்சேரி. குழு கலைந்ததிலிருந்து மேடையே ஏறாத அக்காவை அதில் பாட வைத்தே ஆக வேண்டும். "அவங்க சம்மதம் இல்லாம திரும்பி வராதே"னு எங்கள் குழுப் பசங்க என்னைத் துரத்திவிட்டார்கள்.

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில், பத்து ரூபாய். பொன்னேரியில் இறங்கி, திருப்பாலைவனம் வழியாகப் போகும் பஸ், முக்கால் மணி நேரம். ஜன்னல் சீட் பிடித்துவிடுங்கள், வயல்காற்று அவ்வளவு சுகம்.

பஸ் நின்ற இடத்தில் ஆட்டோக்கார அண்ணன், "இன்னா தம்பி, போட்டிங்கா?" என்றார்.

"பாட்டுப் பாடின செல்வி அக்கா வீட்டுக்குண்ணா."

"வூட்ல எங்க இருக்கப் போவுது? ஏரில எறா தடவினு இருக்கும். குந்து." ஐம்பது ரூபாய்.

கழுத்தளவு தண்ணீரில் குந்தி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, கையால் இறால் தேடி அக்கா நகர்ந்துகொண்டிருந்தார். கரையில் நின்று கத்தினேன். "அக்கா! ஞாயித்துக்கிழமை எங்க கச்சேரில பாட வருவீங்களா?"

"ம்ம்ம்."

"ப்ளீஸ்க்கா!"

"ம்ம்ம்ம்!" நல்ல கடுப்பு. போச்சுடா என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கரையேறியபோதுதான் தெரிந்தது. இரண்டு கையும் சேற்றில் எறா தேட வேண்டும் என்பதால், பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்திருந்தார். அதை எடுத்துவிட்டு, "வாயில பறி வெச்சிருக்கறவகிட்ட இன்னாபா கேள்வி கேக்குற?" என்றார்.

"அப்போ அந்தப் பாட்டுல வர்ற முனகல்..."

"நடுவுல வரி கெடைக்கல. எறா தடவிக்கினே மெட்டு போட்டேன், வாயத் தொறக்க முடியுமா? நல்லா இருக்குனு பசங்க அப்படியே வெச்சுட்டாங்க."

அடப்பாவிகளா! கண்ணை மூடி, தலையை ஆட்டி, எத்தனை மேடையில் அதைச் சோகமாக முனகியிருக்கிறோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

"வருவீங்களாக்கா?"

"மொதல்ல நீ எறங்கு. ஒரே ஒரு எறா புடி. அப்பால பேசலாம்."

பறியைக் கடித்துக்கொண்டு சேற்றைத் துழாவினேன். ரொம்ப நேரம் கழித்து விரலில் ஏதோ துள்ளியது. பிடித்தேவிட்டேன்! கத்த முடியவில்லை, மூக்கு வழியாக என்னென்னவோ சத்தம் வந்தது. கரையிலிருந்து அக்கா அதையே எடுத்து, அந்தப் பாட்டின் மெட்டில் முனகத் தொடங்கினார். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

போகிறவர்கள் வெயிலுக்கு முன் போய்ச் சேருங்கள், மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள், காலைக் கிழிக்கும் சிப்பிகளைப் பார்த்து இறங்குங்கள். பேச வேண்டியதைக் கரையிலேயே பேசிவிடுங்கள். "ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கு வரணும்?" என்று அக்கா கேட்டபோது நான் இன்னும் தண்ணீருக்குள், பறி வாயில்.

"ம்ம்ம்ம்!" என்றேன்.