பிசிக்ஸ் மிஸ் இல்லாத பிளஸ் டூ

எங்கள் பிசிக்ஸ் மிஸ்ஸுக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்த அன்று வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. பிளஸ் டூ தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நிலைமின்னியல் பாடம் பாதியில் நின்றது. மிஸ் திருவண்ணாமலைப் பக்கம் போகப்போவதாகச் சொன்னார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "புது மிஸ் வருவாங்க, ஒழுங்கா படிங்க" என்று சொல்லிவிட்டு, டஸ்டரை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் பள்ளி மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. மின்சார ரயில் போகும்போதெல்லாம் ஆசிரியர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். மிஸ் போன பிறகு பிசிக்ஸ் பீரியடில் ரயில் சத்தத்துக்காக நிறுத்த எதுவும் இருக்கவில்லை.

முதலில் எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேசலாம், தூங்கலாம், டிபன் பாக்ஸை முன்கூட்டியே திறக்கலாம். ஆகஸ்ட் முடியும்போது பயம் வந்தது. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் மூன்றாவது பாடம், நான்காவது பாடம் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். நானும் என் பெஞ்சுத் தோழியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம்.

வகுப்பின் சார்பில் நாங்கள் இருவரும் தலைமை ஆசிரியையிடம் போனோம். அவர் நல்லவர், கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"விளம்பரம் கொடுத்திருக்கோம்மா. எம்.எஸ்சி., பி.எட். முடிச்சவங்க கிடைக்க மாட்டேங்குறாங்க. வருவாங்க."

"எப்போ மிஸ்?"

"வருவாங்கம்மா. நீங்க அதுவரைக்கும் புக்கைப் படிச்சிகிட்டிருங்க."

செப்டம்பரில் பிசிக்ஸ் பீரியடுக்கு விளையாட்டு ஆசிரியரான பி.டி. சாரை அனுப்பினார்கள். கழுத்தில் விசில் தொங்க உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்காரவே கூச்சப்பட்டார். நாங்கள் புத்தகத்தை நீட்டினோம். அவர் திறந்து, ஒரு பக்கத்தைப் பார்த்து, அப்படியே மூடினார்.

"நானும் உங்கள மாரிதாம்மா. இதுல எனுக்கு இன்னா தெரியும்? சத்தம் போடாம படிங்க, யாராச்சும் கேட்டா நான் பேசிக்கறேன்."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அடுத்த வாரம் அவரே ஒரு வழி சொன்னார். ஒரு பத்தியை ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். சூத்திரம் வரும் இடத்தில் வாசிப்பவள் திணறி நின்றுவிடுவாள். "சரி, அத்த வுட்டுட்டு மேல படி" என்பார். அப்படி விட்டுவிட்டுப் போனவைதான் பாடம் என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அம்மா என்னை டியூஷனுக்கு அழைத்துப் போனாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கும் பெரிய சென்டர். வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "பிளஸ் டூ பேட்ச் எல்லாம் ஃபுல்லுங்க. அடுத்த வருஷம் மே மாசமே வந்துடுங்க" என்றாள். அடுத்த வருஷம் எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. படி இறங்கும்போது, "வேற எங்கயாவது பாப்போம்" என்றாள். பார்த்தோம். பல்லாவரத்தில் ஒரு இடத்தில் மைக் வைத்து நடத்தினார்கள். பாதிப் புத்தகம் முடிந்திருந்தது. பாதியிலிருந்து கேட்டால் எதுவும் புரியவில்லை. நான்கு வகுப்புக்குப் பிறகு நிறுத்திக்கொண்டேன்.

அப்பா கிண்டியில் ஒரு அலுவலகத்தில் இருந்தார். ஒருநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கே வந்தார். அவர் வராண்டாவில் காத்திருப்பதை வகுப்பிலிருந்து பார்த்தேன். ஆபீசுக்குப் போகும் வெள்ளைச் சட்டை, தோளில் பை. மாலை வீட்டுக்கு வந்ததும், "என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"வருவாங்களாம்."

பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

வகுப்பைக் காப்பாற்றப் பார்த்தவள் என் பெஞ்சுத் தோழிதான். இரும்புலியூரிலிருந்து வருவாள். கணக்கில் அவள்தான் முதல். வீட்டில் அம்மாவின் போனில் பிசிக்ஸ் வீடியோக்களைப் பார்த்து, புரிந்ததை மறுநாள் கரும்பலகையில் எங்களுக்கு எழுதிக் காட்டுவாள். பி.டி. சார் நாற்காலியைப் பின்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு அவரும் கேட்பார். முதலில் நன்றாகத்தான் போனது. அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது அவள் முகம் வாடத் தொடங்கியது. எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். இடைவேளையில் கேட்டார்கள், பஸ் ஸ்டாப்பில் கேட்டார்கள், கழிவறை வாசலில்கூட நிறுத்திக் கேட்டார்கள்.

டிசம்பரில் ஒருநாள், மாறுதிசை மின்னோட்டம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அந்த ரெண்டாவது ஸ்டெப் எப்டி வந்துச்சுடி?" என்று கேட்டாள். தோழி பலகையைப் பார்த்தாள். அழித்து எழுதினாள். மறுபடியும் அழித்தாள். பிறகு சாக்பீஸோடு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியாதுடி. என்கிட்டயே எல்லாரும் கேக்குறீங்க. நான் எங்கடி போய்க் கேக்குறது?"

அழுதுவிட்டாள். எனக்கு எழுந்து போய் அவள் கையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது, ஆனால் உட்கார்ந்தே இருந்தேன். பி.டி. சார்தான் எழுந்து போய் அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். "நீ போய் குந்தும்மா. போதும்" என்றார். பிறகு விடுவிடுவென்று வெளியே போனார். தலைமை ஆசிரியையின் அறையில் அவர் குரல் உயர்வது எங்களுக்குக் கேட்டது. அவர் அங்கே குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதே இல்லை. இந்த முறை ஏதோ நடக்கும் என்று நினைத்தோம். பீரியட் முடியும் நேரத்தில் திரும்பி வந்தார். எங்களைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கேட்டேம்மா. வருவாங்கன்னு சொல்றாங்க."

செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் லேப் கதவையே திறந்தார்கள். பெஞ்சுகளின் மேல் தூசி படிந்திருந்தது. கெமிஸ்ட்ரி மிஸ் தன் வேலைக்கு நடுவே ஓடி வந்து, எந்தக் கருவி எது என்று மட்டும் காட்டிவிட்டுப் போனார். தேர்வன்று எனக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்தது. அதன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். ஒரே இருட்டு. திருகினேன், திருப்பினேன். இருட்டு போகவே இல்லை. வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல சார்."

அவர் குனிந்து பார்த்தார். "வெளிச்சம் வர்ற பிளவையே திறக்கலையேம்மா. இதைக்கூட உங்க சார் சொல்லித் தரலையா?"

வாசலில் மாணவிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த பி.டி. சாருக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தேர்வாளர் அவரைப் பார்த்தார், அந்த விசிலைப் பார்த்தார். ஒரு சின்னத் திருகைத் தானே திருப்பினார். "இப்ப பாரு" என்றார். மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று நின்றது. அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. அதற்குள், "சீக்கிரம் ரீடிங் எடும்மா" என்றார். ரீடிங்கை எங்கே பார்த்து எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது. எங்கள் வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பிசிக்ஸ் போயிருந்தது. எனக்கும் போயிருந்தது. மற்ற எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண். அப்பா போனில் அதைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். துணி காயும் கொடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தார் என்று பிறகு அம்மா சொன்னாள். தோழி பாஸ். ஆனால் அவள் ஆசைப்பட்ட என்ஜினீயரிங் கல்லூரிக்கு அந்த மதிப்பெண் போதவில்லை. "நீயாவது பாஸ் பண்ணியே" என்று போனில் சொன்னேன். அவள் விசும்பினாள்.

ஜூனில் பள்ளி திறந்த பிறகு, ஒரு சான்றிதழ் வாங்க நாங்கள் இருவரும் போனோம். பழைய வகுப்பைத் தாண்டும்போது நின்றுவிட்டோம். உள்ளே ஒரு மிஸ் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். பலகையில் நிலைமின்னியல் என்று தலைப்பு. படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் துணைத்தேர்வு அடுத்த வாரம். கேட்க அத்தனை இருந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா அங்க?"

"மிஸ், நாங்க போன வருஷம் பிளஸ் டூ."

"ஆபீஸ் அந்தப் பக்கம். கிளாஸ் நடக்குதுல்ல, போங்க."

நகர்ந்தோம். அவர்மேல் என்ன தப்பு? அவருக்கு எங்களைத் தெரியாது. தோழி மட்டும் இன்னும் இரண்டு நொடி நின்று பலகையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

துணைத்தேர்வில் எதையும் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்து எழுதினேன், பாஸானேன். அதற்குள் நான் நினைத்த படிப்புக்கு இடமில்லை. பி.காம். சேர்ந்தேன். தோழி செங்கல்பட்டில் கணக்கு எடுத்துப் படித்துவிட்டு இப்போது நாவலூரில் வேலைக்குப் போகிறாள். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது. ஆசிரியர் தினத்தன்று பி.டி. சாருக்கு மட்டும் எல்லோரும் வாழ்த்து அனுப்புவோம். அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, "நல்லா இருக்கியாம்மா" என்று பதில் போடுவார்.