அண்ணனைத் தாண்டியது

இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியிருக்கிறேன். பிட்யூட்டரி சுரப்பியைக் கண்ணை மூடிக்கொண்டே கரும்பலகையில் வரைந்துவிடுவேன். அப்படிப்பட்ட நான், அந்தச் சுரப்பியை என் வலது காலால் நிறுத்திவிட்டதாக ஒரு காலத்தில் மனதார நம்பினேன். எந்த வகுப்பிலும் இதைச் சொன்னதில்லை.

அப்பா ஆசாரி. கானாடுகாத்தான் வீடுகளில் கதவு, நிலை பழுது பார்ப்பவர். ஆயுத பூஜைக்குக் கருவிகளைப் படையலில் வைக்குமுன், அண்ணனையும் என்னையும் சுவரோடு நிறுத்தி அளந்து பென்சிலால் கோடு போடுவார். எனக்குப் பன்னிரண்டு, அண்ணனுக்குப் பதினைந்து நடந்த வருஷம், அவனுடைய கோடு போன வருஷக் கோட்டுக்கு ஒரு விரல்கூட மேலே ஏறவில்லை. என் கோடு அவனைவிட நாலு விரல் உயரத்தில் விழுந்தது. அப்பா மூன்று தடவை அளந்தார். மரத்தை அவர் இரண்டாம் தடவை அளந்து நான் பார்த்ததில்லை.

அவன் வளராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். என்னை ஒட்டடைக் கம்பு என்று கூப்பிட்ட கோபத்தில், சில மாதங்களுக்கு முன் ஒரு மத்தியானம், கூடத்தில் தூங்கிய அண்ணனை வேண்டுமென்றே குறுக்கே தாண்டியிருந்தேன். படுத்திருக்கிற பிள்ளையைத் தாண்டினால் வளர்த்தி நின்றுவிடும். தாண்டியவர் உடனே திரும்பத் தாண்டிவிட வேண்டும். நான் திரும்பத் தாண்டவில்லை.

காரைக்குடி டாக்டரிடம் என்னையும் கூட்டிப் போனார்கள், பக்கத்தில் நிறுத்திக் காட்டுவதற்காக. டாக்டர் அப்பாவுக்குப் புரிகிற பாஷையில் சொன்னார்:

“மூளைக்கு அடியில பட்டாணி அளவுல பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. அதுதான் மேஸ்திரி. வளர்றதுக்கு, மீசை முளைக்கிறதுக்கு எல்லாம் அதுதான் ரத்தத்துல ஆள் அனுப்பும். ஆனா தானா அனுப்பாது. மேல ஹைப்போதாலமஸ்னு ஒரு வீட்டுக்காரர் இருக்காரு. அவரு சொன்னாத்தான் மேஸ்திரி வேலையைத் தொடங்குவாரு.”

“மேஸ்திரிக்கே ஏதாச்சும் ஆகியிருந்தா?” என்றார் அப்பா.

“அது தெரியணும்னா மதுரையில தலையைப் படம் எடுத்துப் பாக்கணும். கட்டி கிட்டி இருந்தா ஆப்பரேஷன்தான். ஒங்க குடும்பத்துல யாரும் இப்படி மெதுவா வளந்திருக்காகளா? இருந்தா அவ்வளவு தூரம் போக வேண்டாம்.”

“இல்லீக,” என்றார் அப்பா. அம்மா தரையைப் பார்த்தாள்.

மதுரைக்குப் போகப் பதினோரு நாள் இருந்தது. அண்ணன் மண்டையை டாக்டர்கள் திறப்பதற்குள் நான் அந்தத் தாண்டலைத் திருப்பியாக வேண்டும். விடுமுறையாதலால் மத்தியானம் அவன் தூங்கினான். ஒரே தடவை திரும்பத் தாண்டி முடித்திருக்கலாம். ஆனால் கால் அந்தரத்தில் இருக்கும்போது அவன் புரண்டு படுத்தான். அது செல்லுமா? சந்தேகத்துக்கு மறுநாள் இன்னொன்று. அன்றைக்கு அம்மா அடுப்படியில் இருமியதில் பதறி அங்குமிங்கும் குதித்தேன், எத்தனை தடவை என்று தெரியவில்லை. ஐந்தாம் நாள் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்றே மறந்துபோனது. ஒற்றையென்றால் இன்னொரு தடவை தாண்டினால் பிழைப்பான். இரட்டையென்றால் அதே தாண்டலில் வளர்த்தி மறுபடி நின்றுபோகும். ஒரு காலைத் தூக்கியபடி அவன் பக்கத்தில் நின்றேன். அவன் கண்ணைத் திறந்து, “என்னடி, கொக்காட்டம் நிக்கிற?” என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதுரையில் அவனைத் தனியறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். அம்மாவின் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைக்குள் கட்டி எதுவும் இல்லை என்றார் பெரிய டாக்டர். மணிக்கட்டு எலும்பைப் பார்த்தால் பன்னிரண்டு வயதுப் பையனைப் போலத்தான் இருக்கிறதாம். வீட்டுக்காரரிடமிருந்து இன்னும் சொல் வரவில்லை, வரும், பொறுத்திருங்கள் என்றார். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவது என்றும் சொன்னார். அப்பா டாக்டர் கொடுத்த சீட்டை மடிப்பதில் மும்முரமாகிவிட்டார். அந்தச் சொல் ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. அண்ணன் இப்போது எங்கள் வீட்டு நிலையில் குனிந்துதான் நுழைகிறான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, வாடிய முகத்தோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். பிள்ளை பிழைத்த பிறகும் ஏன் இந்த முகம் என்று எனக்குப் புரியவில்லை. காரைக்குடியில் அவர் சொன்ன அந்த ஒரு “இல்லீக”தான் எங்களை மதுரை வரைக்கும் இழுத்து வந்தது என்பதும் அப்போது தெரியாது. தாங்கமாட்டாமல் நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்: ஒட்டடைக் கம்பு, தாண்டல், மறந்துபோன எண்ணிக்கை.

அம்மா முன் சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

“கல்யாணப் போட்டோவுல என் தோளுக்குத்தான் இருந்தாக ஒங்கப்பா. மணைப் பலகையைக் கீழ போட்டு ஏத்தி நிறுத்துனாக. வளந்ததெல்லாம் அதுக்கப்புறந்தான். அவுகள எவ தாண்டுனா?”