முகம் பார்க்காத சாட்சி

எங்கள் வைக்கோல் போர் எரிந்தது பொழுது சாயும் நேரத்தில். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வரப்பில் ஓர் ஆள் விறுவிறுவென்று போனார். முதுகுதான் தெரிந்தது. இடது காலைச் சற்று வெளியே வீசிப் போடும் நடை. என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் அப்படித்தான் நடப்பார். வாய்க்கால் தண்ணீருக்காக அவருக்கும் எங்களுக்கும் அந்த வாரம்தான் பெரிய சண்டை நடந்திருந்தது. நான் வாசலை எட்டுவதற்குள் போர் பற்றிக்கொண்டது.

போலீஸ் வந்தது, வழக்கானது. நான் ஒருத்திதான் சாட்சி.

சம்மன் வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாவாட்ட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போவேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன். அவருடைய சம்சாரமான அக்காவும் நானும் ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவர்கள். அவர் வரும் நேரம் பார்த்து நான் போகாமல் இருந்தேன்.

"ஏம்புள்ள, முகத்தப் பார்த்தேன்னு சொல்லிப்போடு. அவன்தான்னு உனக்கே தெரியுமில்ல?" என்றார் வீட்டுக்காரர்.

"நடையத்தானுங்க பார்த்தேன்."

"நடையப் பார்த்தா என்ன, முகத்தப் பார்த்தா என்ன? ஆளு ஒண்ணுதான?"

எழுபதுகளில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பாலக்காட்டுச் சித்தூருக்குப் போவது துணி எடுக்கத்தான். நான் கோர்ட் வராந்தாவில் நின்றேன். வாய்தா மேல் வாய்தா. கடைசியில் ஒருநாள் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் மலையாளத்தில் கேட்டார். "முகம் கண்டோ?"

"இல்லீங்க."

"அங்ஙனெ நடக்குன்ன வேறே ஆளுகள் உண்டாவில்லே?"

அப்படி நடக்கிற வேறு ஆள் யாரும் எனக்குத் தெரியாது. ஆனால் இருக்கவே முடியாது என்று எப்படிச் சொல்வது?

"இருக்கலாமுங்க," என்றேன்.

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எதிரில் நின்ற அவருடைய அண்ணன், அந்தப் பெரியப்பா மகன், சாட்சி சொல்லவே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லையாம். விடுதலையாகிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த மாதம் பாலக்காடு டவுனில் ஒரு வக்கீலைப் பிடித்து நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட்டார். தோற்றுப்போன வழக்கு மறுபடி எப்படி நிற்கும் என்று வக்கீலிடம் கேட்டேன்.

"கிரிமினல்ல நியாயமான சந்தேகம் வந்துட்டா அதோட பலன் அவனுக்குத்தான் சேரும்மா. ஜெயிலுக்கு அனுப்பற விஷயமாச்சே. சிவில்ல அப்படி இல்லை. ரெண்டுல எது நடந்திருக்க அதிகம் வாய்ப்புன்னு தோணறதோ, அதைக் கோர்ட்ல எடுத்துப்பா. நீ அங்கே சொன்னதையே இங்கேயும் சொல்லு, போதும்."

அதையே சொன்னேன். முகம் பார்க்கவில்லை, நடை பார்த்தேன், வேறு ஆளாக இருக்கலாம். இந்தத் தடவை வீட்டுக்காரரின் அண்ணனும் கூண்டேறினார். அன்று சாயந்திரம் எங்கே இருந்தீர்கள் என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"சந்தைக்குப் போயிருந்தேனுங்க."

"அன்னிக்கு ஏதுங்காணும் சந்தை?"

அன்று சந்தை கூடும் நாளே இல்லை. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்காரர் மிக்சர் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். நான் அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன். என் வார்த்தை ஒன்றுதான். அதை வைத்து ஒரு கோர்ட் அவரை விட்டது, இன்னொரு கோர்ட் பிடித்தது. வீடு திரும்பிய பிறகு இருட்டும்வரை வயலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் கிணற்றடியில் அக்கா எனக்காகக் காத்திருந்தார்.

"ஏனம்மிணி, ஒரு கோர்ட்டு அவரில்லீங்குது, இன்னொண்ணு அவருதாங்குது. ஒரே ஊட்டுல அவருகூடப் பொழைக்கறவ நான். எத நம்பறது?"

"அவரில்லைன்னு சொல்லலீங்கக்கா. அவருதான்னு நிச்சயமில்லைன்னாங்க."

"உனக்கு நிச்சயமா?"

"அவருன்னுதானுங்க மனசுக்குப் படுது. சத்தியம் பண்ணச் சொன்னா நாக்கு வராதுங்க."

அக்கா கயிற்றைக் கையில் சுற்றியபடி நின்றார். "நானும் அவருகிட்டக் கேட்டேன். கோர்ட்டுல சொன்னதுதான்னாரு. எந்தக் கோர்ட்டுன்னு சொல்லல."

அந்த அண்ணன் அப்பீலுக்குப் போகவில்லை. நஷ்டஈட்டுப் பணத்தைக் கட்டிவிட்டார். ஆனால் நான்தான் செய்தேன் என்றோ இல்லை என்றோ ஊரில் யாரிடமும் கடைசிவரை சொன்னதில்லை. எங்கள் வயலின் அடுத்த அறுப்புக்கு, எப்போதும் வரும் அந்த வீட்டு ஆண்கள் யாரும் வரவில்லை. அக்கா மட்டும் அரிவாளோடு வந்தார். என் பக்கத்து வரிசையில் குனிந்து அறுக்க ஆரம்பித்தார்.