மெர்சிங் முகத்துவாரத்தில் ஒரு மணல் திட்டு

மழைக்காலம் ஓய்ந்த மார்ச் மாதத்தில், மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங் போனேன். வேலை விஷயமாகத்தான். செயற்கைக்கோள் ரேடார் படங்களைக் கொண்டு ஆழம் குறைந்த கடலடியை வரைபடமாக்குவது என் பிழைப்பு. படத்தில் கண்டதை நேரில் அளந்து சரிபார்க்க வேண்டும். இந்த முறை என் பெரியம்மா மகள் சரசு அக்காவும் கூட வந்தார். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

அக்காவின் கணவர் போன வருடம் அங்கே மீன் பிடிக்கப் போனார். படகு மணலில் தட்டிக் கவிழ்ந்தது. அவரும் போய்விட்டார், கூடப் போன பக்கத்து வீட்டுக் குமாரும் போய்விட்டார். படகை ஓட்டியது அக்காவின் கணவர். அவர் கவனமில்லாமல் ஓட்டியதுதான் காரணம் என்று குமாரின் மனைவி மாலா அன்றிலிருந்து அக்காவோடு பேசுவதில்லை. சாஆ என்ற அவர்களுடைய சிற்றூரில் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான்.

"அங்க மணல் புதுசா வந்திருந்தா அவரு மேல தப்பில்லதானே? உன் சாட்டிலைட்ல பார்த்துச் சொல்லு லா, தம்பி" என்று அக்கா போனில் கேட்டிருந்தார்.

நான் வசிக்கும் பத்து பாகாட் நகரத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, சாஆவில் அக்காவை ஏற்றிக்கொண்டு, குளுவாங் வழியாகப் போனேன். குளுவாங்கிலிருந்து மெர்சிங் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். வழி நெடுக செம்பனைத் தோட்டங்கள், மேலே கறுத்த வானம். அரை நாளுக்குப் படகு வாடகை முந்நூறு ரிங்கிட். படகுக்காரர் பாக் மான் என்ற மலாய்க்காரர், விபத்தன்று தேடப் போனவர்களில் ஒருவர். அக்கா யார் என்று தெரிந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ரேடார் கடல்நீருக்குள் நுழையாது. மேற்பரப்பைத்தான் பார்க்கும். நீரோட்டம் மணல் திட்டைக் கடக்கும்போது வேகம் மாறும். அதனால் மேலே சிற்றலைகளும் மாறும். படத்தில் அது வெளிச்சக் கோடாக விழும். அதை வைத்துக் கீழே திட்டு இருப்பதை ஊகிக்கிறோம். ஓட்டம் நின்ற நேரத்தில் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாது.

முகத்துவாரத்தைத் தாண்டியதும் பாக் மான் இயந்திரத்தை அணைத்தார். "செத்தேக்" என்றார். ஆழமில்லை என்று பொருள். தண்ணீர் வற்றிய நேரம். ஆழமானி ஒரு மீட்டருக்கும் குறைவாகக் காட்டியது. போன மாதப் படத்தில் வெளிச்சக் கோடு விழுந்த அதே இடம். அக்கா குனிந்து தண்ணீரில் கையை விட்டார்.

"அன்னைக்கும் இது இருந்துச்சா?"

"தெரியலக்கா. விபத்துக்கு முன்னாடி எடுத்த கடைசிப் படம் ஓட்டம் நின்ன நேரத்துல எடுத்தது. இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

"மாலாகிட்ட இருந்துச்சுன்னே சொல்லிடட்டுமா?"

நான் ஆழமானி காட்டியதைக் குறித்துக்கொண்டேன். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

படகுத்துறைக்கு வந்ததும் போனை எடுத்தார். "மாலா, நான்தான். அங்க மணல் இருக்கு. அன்னைக்கு இருந்துச்சான்னு தெரியலயாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." மாலா உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் மழை. குளுவாங்கில் வாங்கிக் கொடுத்த தேநீரை அக்கா தொடவேயில்லை. "ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம் லா அவ" என்றார்.

மெர்சிங் போகிறவர்களுக்கு: நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கடல் பொல்லாதது, தவிர்த்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் தண்ணீர் வற்றினால் தீவுப் படகுகளின் நேரம் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தப் படகில் போனாலும் உள்ளூர்க்காரர் ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள். மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். என் வரைபடத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மணல் நகரும், நாங்கள் அளந்தது அந்த ஒரு நாளின் கடலடியைத்தான். அக்கா கேட்ட அந்த விபத்து நாளின் கடலடி யாரிடமும் இல்லை.

போன வாரம் மாலா என்னை அழைத்தார். "அந்த இடத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? அக்காவும் வரட்டும். நீங்களே கேட்டுச் சொல்லுங்க, அவங்ககிட்ட பேச எனக்கு வாய் வரல."

அக்காவிடம் சொன்னேன்.

"எப்போ போறோம்?" என்று மட்டும் கேட்டார்.