சுவரில் எழுதிய நம்பர்

ஓசூர் ஜூஜுவாடியிலிருந்து எங்கள் ஊர் கெலமங்கலம் வரை எத்தனை சுவர்களில் என் செல்போன் நம்பர் எழுதியிருக்கிறது என்று எனக்கே தெரியாது. மஞ்சள் பட்டையில் கறுப்பு எழுத்து. மேலே ‘செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப்படும்’, கீழே நம்பர். எழுதியவர் அப்பா. குழாயை இறக்கி, மோட்டார் போட்டு உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகும் லாரி அவருடையது. நான் பாலிடெக்னிக் படிக்கும்போது ஆன்லைன் வகுப்புக்காகத் தன் போனை சிம்மோடு என்னிடம் கொடுத்துவிட்டுப் புது நம்பர் வாங்கிக்கொண்டார். அப்புறம் பேங்க், ஆதார், கம்பெனி வேலை எல்லாம் அந்தப் பழைய நம்பரோடு ஒட்டிக்கொண்டது. மாற்ற வழியில்லை.

சுவரைப் பார்த்து வாரத்துக்கு நாலு பேராவது என்னைக் கூப்பிடுவார்கள். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, அவர்கள் பேசுகிற பாஷையிலேயே பதில் சொல்லி அப்பாவின் புது நம்பரைக் கொடுப்பேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை. வெட்கமெல்லாம் மனிதர்கள் எதிரே நிற்கும்போதுதான். ஒன்பதாம் வகுப்பில் அப்பா லாரியோடு எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். மறுநாளிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்க ஒருத்திக்கும் பசிக்கவில்லை. என் சட்டையில் வாடை வந்ததா என்றால் வரவில்லை. தினமும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போவேன். அவர்கள் மேல் இருந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

பேரிகைப் பக்கம் தோட்டக்காரர்கள் அதே லோடை உரமாகக் கொட்டச் சொல்லி அப்பாவிடம் “அண்ணே, எங்களுக்கு முதல்ல” என்று கெஞ்சுவார்கள். டீ மட்டும் அவருக்குப் பேப்பர் கப்பில் வரும். அவர்கள் எவர்சில்வர் டம்ளரில் குடிப்பார்கள். அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேசாமல் இருக்கிறாரே என்று அவர் மேலும் எனக்குக் கோபம் வரும்.

ஓசூரில் செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்து, ஜூஜுவாடியில் பெண்கள் ஹாஸ்டலில் சேர்ந்தேன். அங்கே நான் யாருடைய மகளும் இல்லை. தொப்பியும் கிளவுஸும் மாட்டிக்கொண்டு லைனில் நின்றால் எல்லோரும் ஒன்று. ஒரே தட்டில் நாலு கை விழும். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் அறைத்தோழி, திருநெல்வேலிக்காரி, என் நம்பருக்குக் கூப்பிட்டுவிட்டுத் தன் போனையே முறைத்துப் பார்த்தாள். ஊரார் ஒரு நம்பரை எந்தப் பெயரில் பதிந்து வைத்திருக்கிறார்களோ அதைக் காட்டுகிற ஆப் ஒன்று அவளிடம் இருந்தது.

“ஏட்டி, உன் பேரு செப்டிக் டேங்க் கெலமங்கலம்னு வருது.”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். இதற்கு முன்னால் எவனோ வைத்திருந்த நம்பர், சிம் கம்பெனிக்காரன் என் தலையில் கட்டிவிட்டான் என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய், தடுமாறாமல் வந்தது. ஐயோ பாவம் என்று எனக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் ‘ராங் நம்பர்’ என்று வைத்துவிடுவேன். மூன்று பாஷைக்கும் அது ஒரே பதில். சில மாதம் கழித்து ஊருக்குப் போனபோது அப்பா கேட்டார். “பழைய நம்பருக்கு இப்ப யாரும் கூப்பிடறதில்லையா பாப்பா?” இல்லை என்றேன். “வெயில்ல எழுத்து மங்கிப்போச்சாட்டம் இருக்குது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தேன். ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை.

அதற்கடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹாஸ்டலின் டேங்க் நிரம்பி வெளியே வழிந்தது. குளியலறைகளைப் பூட்டிவிட்டார்கள். வாளியும் கையுமாக எல்லோரும் வாசலில் நின்றோம். வார்டன் அம்மா எதிர்ச்சுவரைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். என் கையில் இருந்த போன் அடித்தது.

நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. திருநெல்வேலிக்காரியே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு முழுக்கதையையும் வார்டனிடம் சொன்னாள். அத்தோடு நான் தப்பித்தேன். ஆனால் அந்த வேலை வேறு வண்டிக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. அந்த லாரிக்காரரின் புது நம்பர் இது, முன்பு கூப்பிட்ட யாரோ ஒருத்தர் சொன்னார் என்று சொல்லி, மனப்பாடமாகத் தெரிந்த பத்து எண்களையும் போனில் தேடுவதுபோல் பாவனை செய்து கொடுத்தேன்.

ஒரு மணி நேரத்தில் லாரி வந்தது. இறங்கிய அப்பா, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் இருந்தார். இந்த வேலைக்கு யாராவது வெள்ளைச் சட்டை போட்டு வருவார்களா? ஹாஸ்டல் பெயரைக் கேட்டதும் எனக்காகத்தான் போட்டிருக்கிறார். அதுமட்டுமில்லை, என்னைத் தெரியாதவர் மாதிரியே வார்டனிடம் பேசினார். அவராகவே அப்படி முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்.

வார்டன் அம்மா நல்லவர். சும்மா பேச்சுக்கு என்னைக் காட்டி, “உங்க பழைய நம்பர் இந்தப் பொண்ணுகிட்டதாங்க இருக்குது. தினமும் ராங் நம்பர், ராங் நம்பர்னு சொல்லியே அலுத்துப்போச்சாம் பாவம்” என்றார்.

அப்பா அப்போதுதான் என்னைப் பார்த்தார். சுவரில் எழுத்து மங்கவே இல்லை என்பது அந்த நிமிடம் அவருக்கு விளங்கிவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

“தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க மேடம். அந்தச் சுவத்து எழுத்த நான் அழிச்சுடறேன்.”

பெற்ற மகளை மேடம் என்கிறார். பக்கத்தில் திருநெல்வேலிக்காரி என் தோளில் கை போட்டபடி நின்றுகொண்டிருந்தாள். இனி அந்தக் கை அங்கே இருக்குமோ எடுப்பாளோ, எனக்குத் தெரியவில்லை.

“அழிக்க வேணாம்ப்பா” என்றேன். “டேங்க் மூடி பின்பக்கம், துணி காயப்போடற எடத்துல இருக்குது. வாங்க.”

குழாயின் ஒரு முனையை வாங்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.